பழைய எல்.எஸ்.டி. வாங்குமுன்: டிஃப்பின் மிச்ச ஆயுளை அளந்து பார்ப்பது எப்படி

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி., ஒரு சக்கரம் வழுக்கும்போது மறுசக்கரத்துக்கும் விசை போகச் செய்யும் டிஃப். பழையதை விற்பவர்கள் பெரும்பாலும் ஒரு வீடியோவை அனுப்புவார்கள். மேஜை மேல் டிஃப் இருக்கும். ஒரு பக்க ஃபிளாஞ்சை (ஆக்ஸில் மாட்டும் தட்டு) கையால் சுற்றினால் மறுபக்கமும் அதே திசையில் சுற்றும். "பாத்தீங்கல்ல, எல்.எஸ்.டி. பக்காவா இருக்கு" என்பார்கள், விலையும் வந்துவிடும். அந்த வீடியோவிலிருந்து தெரிவது உள்ளே ஏதோ ஓர் இறுக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான். அந்த இறுக்கம் இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் தாங்குமா, ஐம்பதாயிரம் தாங்குமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

தகடு வகை எல்.எஸ்.டி.யின் ஆயுளை ஓடோமீட்டரில் தேடிப் பயனில்லை. அது தகட்டின் தடிமனில் இருக்கிறது. அளக்க விடுகிறவரிடம் வாங்குவது நல்லது. அளக்க விடாதவரிடம் வாங்க நேர்ந்தால், தகடு முழுவதும் மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவைக் கழித்தே விலை பேச வேண்டும்.

முதலில் எந்த வகை என்று தெரிய வேண்டும்

எல்.எஸ்.டி. என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு அமைப்புகள் விற்பனைக்கு வருகின்றன. நான்கும் நான்கு விதமாகத் தேயும், அதனால் சோதிக்கும் முறையும் வேறு.

முதலாவது கிளட்ச் தகடு வகை, அடுக்கிய தகடுகளின் உராய்வால் பூட்டுவது. பி.எம்.டபிள்யூ. ஈ30, ஈ36 கார்களில் வந்த 25 சதவீத லாக் டிஃப், நிஸான் பேட்ரோலின் எச்233பி பின் ஆக்ஸில், ஃபோர்டு 8.8 அங்குல ட்ராக்‌ஷன்-லாக், வெளியில் வாங்கிப் போடும் காஸ், கஸ்கோ, நிஸ்மோ எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டாவது, கெட்டியான சிலிக்கோன் எண்ணெயால் இயங்கும் விஸ்கஸ் வகை: 1.6 லிட்டர் மாஸ்டா எம்.எக்ஸ்-5, டர்போ எஞ்சின் சில்வியா எஸ்13, எஸ்14. மூன்றாவது, தகடே இல்லாமல் பற்சக்கரங்களாலேயே பூட்டும் கியர் வகை: டோர்சன், குவெயிஃப், சில்வியா எஸ்15 ஸ்பெக்-ஆரில் வந்த ஹெலிக்கல். நான்காவது, தகட்டுக்குப் பதிலாகக் கூம்புகள் உரசும் கூம்பு வகை. இது எம்.எக்ஸ்-5-இன் பிந்தைய தலைமுறைகள் சிலவற்றில் வந்தது. கூம்பு தேய்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் சரிசெய்வதற்கு வழி கிடையாது. பழையதாக வரும் கூம்பு வகையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பி.எம்.டபிள்யூ. டிஃப்பின் மேல் ஒரு தகர டேக் இருக்கும். அதில் 'எஸ் 3.73' என்று இருந்தால் எல்.எஸ்.டி., வெறும் 3.73 என்று இருந்தால் ஓப்பன் டிஃப், அதாவது பூட்டும் வசதி இல்லாத சாதாரண டிஃப். டேக் ஒரு போல்ட்டில் தொங்குவதால் அதைக் கழற்றி வேறு டிஃப்பில் மாட்டுவது ஒரு நிமிட வேலை. அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பின் மூடியைத் திறந்து கிரௌன் வீலில் (டிஃப்பின் பெரிய பற்சக்கரம்) பொறித்திருக்கும் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். 41, 11 என்றால் விகிதம் 3.73 (41-ஐ 11-ஆல் வகுத்தது). 43, 11 என்றால் 3.91. 41, 10 என்றால் 4.10. திறக்க முடியாத இடத்தில் இரண்டு ஃபிளாஞ்சையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றி, பினியன் (கிரௌனைச் சுற்றும் சின்னப் பற்சக்கரம்) எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினால் விகிதம் கிடைக்கும். ஒரு ஃபிளாஞ்சை மட்டும் சுற்றி, மறுபக்கம் அசையாமல் நின்றால் பாதி எண்ணிக்கைதான் வரும். இந்தக் குழப்பத்தில் தப்பான விகிதம் வாங்கியவர்கள் நிறைய.

கியர் வகையைக் கண்டுபிடிக்க டார்ச் போதும். ஆக்ஸில் உருவிய துளை வழியாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஓப்பன் டிஃப்பில் நடுவில் குறுக்குக் கம்பி தெரியும். எம்.எக்ஸ்-5-இல் வரும் டோர்சனில் அந்தக் கம்பி கிடையாது, மறுபக்கம் வரை பார்வை போகும்.

கையால் சுற்றும் சோதனை எங்கெல்லாம் ஏமாற்றும்

நல்ல டோர்சன் டிஃப் கையால் சுற்றும்போது ஓப்பன் டிஃப் மாதிரியே மறுபக்கத்தை எதிர்த்திசையில் சுற்றும். அதில் முன்னழுத்தம் (சுமை இல்லாதபோதும் உள்ளே இருக்கும் இறுக்கம்) கிடையாது, இருந்தாலும் மிகக் குறைவு. சுமை ஏறினால்தான் பூட்டும். இது தெரியாமல் நல்ல டோர்சனைச் 'செத்துப்போச்சு' என்று குறைந்த விலைக்கு விற்பவர்கள் உண்டு. விவரம் தெரிந்தவருக்கு அது நல்ல வாய்ப்பு.

மாறாக, வெளியில் பல மாதம் கிடந்த தேய்ந்த தகடு டிஃப் இரும்பாக இறுகி நிற்கும். எண்ணெய் வடிந்து தகடுகள் ஒன்றோடொன்று லேசாகத் துருவேறி ஒட்டியிருக்கும். வீடியோவில் அது அற்புதமாகத் தெரியும். காரில் போட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டினால் துரு போய்விடும், இறுக்கமும் அதோடு போய்விடும்.

இன்னொன்று வெல்டிங். டிரிஃப்ட் காரிலிருந்து வரும் ஓப்பன் டிஃப்பில் ஸ்பைடர் கியரை (உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்களை) வெல்டு அடித்திருப்பார்கள். கையால் சுற்றினால் இரண்டு பக்கமும் கச்சிதமாக ஒன்றாகச் சுற்றும். ஒரு பக்கத்தை வைஸில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நீளமான கம்பி போட்டு அழுத்துங்கள். எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கவே இல்லையென்றால் அது வெல்டு அல்லது முழுதாக இறுகிப்போன டிஃப். எல்.எஸ்.டி. என்றால் ஓர் அளவுக்கு மேல் வழுக்கியே ஆக வேண்டும்.

டார்க் ரெஞ்ச் சொல்வதும் சொல்லாததும்

தகடு வகையில் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. ஒன்று கிண்ண வடிவ ஸ்பிரிங் தகடு எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும் முன்னழுத்தம். மற்றது ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது குறுக்குக் கம்பி பிரஷர் ரிங்கின் (தகடுகளை அழுத்தும் வளையம்) சாய்வில் ஏறி, தகடுகளை வெளிப்பக்கம் தள்ளும் விசை. 25 சதவீத லாக் என்றால் பூட்டும் நேரத்தில் ஒரு சக்கரத்துக்கு 62.5 பங்கும் மறுசக்கரத்துக்கு 37.5 பங்கும் போக முடியும் என்று பொருள். டார்க் ரெஞ்சால் நாம் அளப்பது முதல் விசையை மட்டும்தான். சாய்வுகள் எப்படி இருக்கின்றன என்று அது சொல்லாது.

காரில் இருக்கும்போதே அளப்பதானால் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். பின்னால் ஒரு சக்கரம் தரையில் இருக்கட்டும், அதற்கும் கட்டை வேண்டும். மற்றதை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரல், கைப்பிரேக் விட்டிருக்க வேண்டும். பிரேக் ஷூ உரசினால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால் டிரம்மையோ கேலிப்பரையோ கழற்றிவிடுவது உத்தமம். வீல் ஸ்டட்டில் பொருந்தும் ஒரு தடித்த இரும்புப் பட்டையின் நடுவில் நட் வெல்டு வைத்து, அதில் டார்க் ரெஞ்சை மாட்டுங்கள். இந்த நிலையில் எக்காரணம் கொண்டும் எஞ்சினைக் கியரில் போடாதீர்கள். எல்.எஸ்.டி. தரையில் இருக்கும் சக்கரத்தைத் தள்ளும், கார் ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும்.

கிளிக் வகை ரெஞ்ச் இதற்கு உதவாது. முள் அல்லது டயல் உள்ளது வேண்டும். முதல் அசைவுக்கு முள் எகிறும், அதை விட்டுவிடுங்கள். அது ஒட்டியிருந்த தகடு விடுபடும் விசை. ஐந்தாறு சுற்று முழுதாகச் சுற்றி எண்ணெய் பரவிய பிறகு, மெதுவாக ஒரே வேகத்தில் இழுக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த எண்தான் வேண்டும். இரண்டு திசையிலும் எடுங்கள். ஒரே சுற்றுக்குள் முள் ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்கினால் தகடு வளைந்திருக்கிறது.

வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? அந்த டிஃப்பின் பணிமனைக் கையேட்டில் உள்ள அளவோடு மட்டும். ஃபோர்டு ட்ராக்‌ஷன்-லாக்குக்குக் கையேடு சொல்லும் குறைந்தபட்சம் 27 நியூட்டன் மீட்டர். ஜப்பானிய ரேஸ் டிஃப் பலவற்றில் புதிதாக இருக்கும்போது இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வரும். அவை பெரும்பாலும் கிலோகிராம் மீட்டரில் எழுதியிருக்கும், 9.8 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். முன்னழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து வடிவமைத்த டிஃப்களும் உண்டு. அவற்றில் குறைந்த எண் வந்தால் பழுது என்று பொருள் இல்லை. ஆக, ஃபோரத்தில் யாரோ வேறு டிஃப்புக்கு எழுதிய எண்ணை வைத்துக்கொண்டு விற்பவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது.

எண் சரியாக வந்தாலும் முழுதாக நிம்மதி அடைய முடியாது. முந்தைய உரிமையாளர் தேய்ந்த தகட்டுக்குப் பின்னால் கூடுதல் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) போட்டு இறுக்கியிருக்கலாம். பேட்ரோல் வைத்திருப்பவர்களிடையே இது பழைய வழக்கம். ஷிம் போட்டால் முன்னழுத்தம் ஏறும், ஆனால் தகட்டில் உராய்வுப் பூச்சு திரும்ப வராது. அளவுக்கு மீறிப் போட்டால் கிண்ண ஸ்பிரிங் முழுதாகப் படுத்துவிடும். தகடுகள் திருப்பங்களில் விடுபடாமல் எப்போதும் உரசும், சூடேறும், எஞ்சியதும் சீக்கிரம் போகும்.

எண்ணெயிடம் கேளுங்கள்

விற்பவர் வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்திருந்தாலும் வடிகால் போல்ட்டின் காந்தத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுவார். அதில் சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்த்தால் கரகரவென்று தட்டுப்படும் துணுக்கு, நகம் போன்ற செதில், ஊசி போன்ற சிராய் இருந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உடைய ஆரம்பித்திருக்கிறது. மஞ்சள் மினுமினுப்பு வெண்கல வாஷரிலிருந்து வரும். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த டிஃப்பின் பேரிங்கையும் தகட்டையும் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும்.

தகடு வகையில் எண்ணெய் கறுப்பாக இருப்பது மட்டும் குற்றமில்லை. ரேஸ் டிஃப் சில நூறு கிலோமீட்டரில் எண்ணெயைக் கறுப்பாக்கிவிடும். கருகிய நாற்றம் அடித்தால்தான் கவலைப்பட வேண்டும். எண்ணெயே இல்லாமல் சுத்தமாகக் கழுவி வைத்திருந்தால் இந்தச் சாட்சியம் போய்விட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்பத்தில் 'கடகட' என்ற அதிர்வு வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதைப் பலர் தேய்மானம் என்கிறார்கள். பெரும்பாலும் அது எண்ணெயின் கோளாறு: உராய்வு குறைக்கும் சேர்மானம் இல்லாத சாதாரண கியர் ஆயிலில் தகடுகள் ஒட்டி ஒட்டி விடும். இறுக்கமான நல்ல டிஃப்பிலும் இதே சத்தம் வரும். தேய்ந்த டிஃப்பிலோ சத்தமே வராமல் போகலாம்.

திறந்து அளப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பின் மூடியைக் கழற்றினால் கிரௌன் வீலும் கேஸும் (தகடுகளை உள்ளே வைத்திருக்கும் கூடு) மட்டுமே தெரியும். தகட்டைப் பார்க்கக் கேஸை வெளியே எடுத்து, அதையும் பிரிக்க வேண்டும். எடுக்குமுன் பேரிங் கேப்களில் இடம், வலம் குறியிடுங்கள். மாற்றிப் போட்டால் பேரிங் இருக்கை கெடும். ஷிம்களும் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். தகடுகளை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

ஒரு தகட்டை எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டத்தின் நடுப்பகுதி உரசி மினுங்கும். ஓரத்தில் கேஸின் பள்ளத்தில் மாட்டும் காதுகள் மட்டும் உரசாமல் மங்கலாக, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும். அந்தக் காதின் தடிமன்தான் தகட்டின் பிறந்த தடிமன். உரசும் பகுதி இன்றைய தடிமன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தேய்மானம். புதுத் தகட்டின் அளவு தெரியாமலேயே இப்படிக் கண்டுபிடித்துவிடலாம்.

நிஸானின் பணிமனைக் கையேடு எச்233பி போன்ற தகடு டிஃப்களுக்குச் சொல்வதும் இதே முறைதான். உரசும் பகுதியையும் காதையும் மைக்ரோமீட்டரால் அளந்து, வித்தியாசம் 0.1 மி.மீ.க்கு மேல் போனால் தகட்டை மாற்றச் சொல்கிறது. வளைவின் வரம்பு 0.08 மி.மீ. தட்டையான தடித்த கண்ணாடி மேல் தகட்டை வைத்து, அடியில் 0.08 ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். வெர்னியர் காலிப்பர் இந்த வேலைக்குத் தோதுப்படாது. 0.01 மி.மீ. படிக்கக்கூடிய மைக்ரோமீட்டர் வேண்டும், ஒவ்வொரு தகட்டையும் நான்கு இடத்தில் அளக்க வேண்டும்.

இதில் பலர் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு தகடும் தனித்தனியாக வரம்புக்குள் இருந்தாலும் மொத்தக் கட்டு வரம்பைத் தாண்டியிருக்கலாம். ஒரு பக்கத்தில் எட்டுத் தகடு, ஒவ்வொன்றும் 0.05 மி.மீ. தேய்ந்திருக்கிறது என்று வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் பாதி ஆயுள் மிச்சம். கூட்டினால் 0.4 மி.மீ. இடைவெளி. நிஸான் அந்தக் கட்டுக்கு அனுமதிக்கும் மொத்த இடைவெளி 0.05 முதல் 0.15 மி.மீ. வரைதான். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், முன்னழுத்தம் விழுந்திருக்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இடைவெளி மூடிய பிறகே பூட்டும். 'டக்' என்ற சத்தம் அப்போது வருவதுதான். இந்த நிலையில் எல்லாத் தகட்டையும் மாற்றத் தேவையில்லை. சற்றுத் தடித்த தகடுகள் கிடைத்தால் சிலவற்றை மட்டும் மாற்றி இடைவெளியை வரம்புக்குள் கொண்டுவரலாம். இரண்டு பக்கக் கட்டும் ஒரே தடிமனில் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடித்தால் சைடு கியர் (ஆக்ஸில் மாட்டும் பற்சக்கரம்) நடுவிலிருந்து விலகிவிடும்.

என் அளவுகோல் இது. சாதாரணச் சாலைக் காருக்கு, தகட்டுக்கு 0.03 மி.மீ.க்குள் தேய்ந்து, மொத்த இடைவெளியும் வரம்புக்குள் இருந்தால் அப்படியே போட்டு ஓட்டலாம். 0.03-க்கும் 0.07-க்கும் நடுவே என்றால் இடைவெளியைச் சரிசெய்து போடலாம், ஆனால் விலையில் அது தெரிய வேண்டும். அதற்கு மேல் போனால் தகடு செட் வாங்க வேண்டும். தேய்மானம் சீராக நடக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பி.எம்.டபிள்யூ. தகடுகளில் மாலிப்டினம் பூச்சு இருக்கும். சாம்பல் நிறப் பூச்சு இருக்கும் வரை தேய்வு மெதுவாகப் போகும். பூச்சு போய் வெற்று எஃகு பளபளக்க ஆரம்பித்தால் எஃகும் எஃகும் உரசும், பிறகு மிச்ச ஆயுளைக் கிலோமீட்டரில் கணக்கிட முடியாது. நீல நிறம் ஏறிய தகடு சூட்டில் வெந்தது. தடிமன் சரியாக இருந்தாலும் அதைத் திரும்பப் போடாதீர்கள்.

தகடு கிடைக்கும், கேஸ் கிடைக்காது

தகடு தேய்வதற்கென்றே இருக்கும் பொருள், புதிது வாங்கலாம். ஒரு டிஃப்புக்கு உண்மையான முடிவு கேஸில் வருகிறது. தகட்டின் காதுகள் மாட்டும் நீளப் பள்ளங்களைப் பாருங்கள். ஒவ்வொரு காதும் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மோதி அங்கே வரிவரியாகப் பள்ளம் பறித்திருக்கும். நகத்தை மேலிருந்து கீழே இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது, படி படியாக நகம் தடுக்கினால் கேஸ் கெட்டது. அதில் புதுத் தகடு போட்டாலும் காது அந்தப் படியில் மாட்டி நிற்கும், தகடு பக்கவாட்டில் நகராது. பூட்டினால் விடாது, விட்டால் பூட்டாது. லேசான விளிம்பை ஆயில் ஸ்டோனால் தேய்த்து எடுக்கலாம். ஆழமான பள்ளத்துக்கு மருந்து கிடையாது.

அடுத்து, குறுக்குக் கம்பி உட்காரும் பிரஷர் ரிங்கின் சாய்வுகள். கம்பி அழுத்தி அழுத்திக் குழி விழுந்திருந்தால் சாய்வின் கோணமே மாறிவிட்டது. வண்டி ஒரு சமயம் பூட்டி, இன்னொரு சமயம் வழுக்கும். கம்பியின் தட்டையான முகத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். சைடு கியரின் ஸ்பிளைன்களில் உள்தகடுகள் மோதும் இடத்திலும் இதே மாதிரி வரிகள் விழும். கிண்ண ஸ்பிரிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, அதன் தனி உயரத்தைப் புதியதோடு ஒப்பிடுங்கள். படுத்துப்போன ஸ்பிரிங்கை ஷிம்மால் காப்பாற்ற முயலாமல் புதிது போடுங்கள்.

விஸ்கஸும் டோர்சனும்

விஸ்கஸ் டிஃப்புக்குள் துளையிட்ட தகடுகள் சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கி, முழுதாக மூடியிருக்கும். பிரித்துப் பழுது பார்ப்பதற்கு என்று அதை வடிவமைக்கவில்லை. சீல் கசிந்தால் சிலிக்கோன் கியர் ஆயிலோடு கலந்துவிடும், பிறகு அது வெறும் ஓப்பன் டிஃப். சூட்டில் சிலிக்கோன் கெட்டாலும் அதே கதி. அபூர்வமாகத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி முழுதாக இறுகவும் செய்யும்.

சோதிக்க ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அரை மீட்டர் கம்பியைக் கிடைமட்டமாக மாட்டி நுனியில் 5 கிலோ தொங்கவிடுங்கள். அது சுமார் 25 நியூட்டன் மீட்டர். கம்பி மெதுவாக, ஒரே சீராக இறங்க வேண்டும். சட்டென்று விழுந்தால் உள்ளே எண்ணெய் இல்லை. அசையவே இல்லையென்றால் எடையைக் கூட்டிப் பாருங்கள், அப்போதும் நின்றால் இறுகிவிட்டது. காலைக் குளிரிலும் மதிய வெயிலிலும் வேறு நேரம் வரும் என்பதால் இரண்டு டிஃப்களை ஒப்பிடும்போது ஒரே வெப்பத்தில் ஒப்பிடுங்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய விஸ்கஸ் டிஃப்புக்கு ஓப்பன் டிஃப் விலைக்கு மேல் கொடுப்பது வீண் என்றே நினைக்கிறேன்.

டோர்சன் அப்படியில்லை. எண்ணெய் ஒழுங்காக மாற்றியிருந்தால் காரின் ஆயுள் முழுக்க வரும். எம்.எக்ஸ்-5-இல் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது விஸ்கஸை விட்டுவிட்டு டோர்சன் போட்டார்கள், பழையதில் இன்றும் தேடி வாங்கத் தகுந்தது அதுதான். ஒரு பக்கத்தைப் பிடித்து மறுபக்கத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் சிறிய பிளே (ஆட்டம்) இருக்கும், அது எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சுற்றும்போது எங்கும் தடுக்கக் கூடாது. பிரித்தால் கியர்களின் முனையிலும் அவை உட்காரும் குழிகளிலும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணும் துணுக்கும் ஓடிய டிஃப் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ஒன்று தெரிந்து வாங்குங்கள்: ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் தூக்கினால் டோர்சன் மறுசக்கரத்துக்கு விசை அனுப்பாது. கைப்பிரேக்கை லேசாக இழுத்தால் அனுப்பும்.

பொருந்துமா?

நல்ல டிஃப் வாங்கி, அது காரில் ஏறாமல் போவதும் நடக்கும். பி.எம்.டபிள்யூ.வில் 168, 188 என்று கிரௌன் அளவு வேறுபடும் இரண்டு டிஃப்கள் உண்டு, ஒன்றுக்கு ஒன்று மாறாது. 1.6 எம்.எக்ஸ்-5-இல் 1.8-இன் டோர்சன் போட வேண்டுமென்றால் ஹவுசிங், ஆக்ஸில் ஷாஃப்ட், பிராப்பலர் ஷாஃப்ட் எல்லாம் சேர்த்தே வாங்க வேண்டும்: சின்னது 6 அங்குல கிரௌன், பெரியது 7 அங்குலம். சில கார்களில் எல்.எஸ்.டி.க்கும் ஓப்பனுக்கும் ஸ்டப் ஷாஃப்ட்டே (டிஃப்பிலிருந்து வெளியே வரும் குட்டி ஷாஃப்ட்) வேறு. விற்பவரிடம் ஸ்டப் ஷாஃப்ட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

முடிந்தவரை முழு டிஃப்பாக வாங்குங்கள். வெறும் எல்.எஸ்.டி. கேஸை வாங்கி உங்கள் கிரௌனில் ஏற்றினால் பேரிங் முன்னழுத்தம், பிளே, பல் பதியும் தடம் மூன்றையும் புதிதாக அமைக்க வேண்டும். கிரௌனும் பினியனும் ஜோடியாகச் செய்தவை, பிரிக்கக் கூடாது. பல கார்களில் பிளே 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டயல் கேஜை கிரௌன் பல்லில் நேராக வைத்து நான்கு இடத்தில் அளந்தால் போதும். பினியன் ஃபிளாஞ்சைக் கையால் ஆட்டிப் பார்த்து 'பிளே இருக்கு' என்று முடிவுக்கு வராதீர்கள், அங்கே எல்லா டிஃப்பிலும் ஆட்டம் இருக்கும். ஃபிளாஞ்சு மேலும் கீழும் அசைந்தால்தான் பினியன் பேரிங் போய்விட்டது.

சென்னை புதுப்பேட்டையிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் கடைக்காரர் முன்னால் டிஃப்பைப் பிரித்துப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. மலேசியாவின் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி வந்த கார்களை விற்கும்) கடைகளில் சில சமயம் டிஃப் இன்னும் பின் அச்சோடு இருக்கும், அங்கே டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க முடியும். எங்கே வாங்கினாலும் பின் மூடியைத் திறப்பதற்காவது சம்மதம் வாங்குங்கள். கிரௌன் பல்லின் முகத்தில் குழி, காந்தத்தின் நிலை, பல் எண் மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

விலை பேசும்போது என் கணக்கு: அதே டிஃப்பின் புதுத் தகடு செட், பேரிங் நான்கு, சீல் மூன்று, பிரித்துப் பூட்டும் கூலி இவற்றைக் கூட்டுங்கள். புது எல்.எஸ்.டி. விலையிலிருந்து அதைக் கழித்தால் வருவது, அளக்க விடாத பழைய டிஃப்புக்கு நீங்கள் தரக்கூடிய உச்ச விலை. அளந்து, 0.03 மி.மீ.க்குள் வந்து, கேஸ் பள்ளம் வழவழவென்று இருந்தால் தகட்டுச் செலவைத் திரும்பச் சேர்த்துக் கொடுக்கலாம்.

போட்ட பிறகு

புதுத் தகடு போடுவதானால் பூட்டுமுன் அரை மணி நேரமாவது எல்.எஸ்.டி. எண்ணெயில் ஊறவிடுங்கள். தகடு வகைக்கு ஜி.எல்.-5 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) என்றும் எல்.எஸ்.டி. என்றும் இரண்டும் எழுதியிருக்கும் எண்ணெய் வேண்டும். பி.எம்.டபிள்யூ. 168 டிஃப்புக்கு 0.9 லிட்டர், 188-க்கு 1.7 லிட்டர். எம்.எக்ஸ்-5 1.6-க்கு 0.65 லிட்டர், 1.8-க்கு 1 லிட்டர். ஃபோர்டு 8.8-க்குச் சாதாரண கியர் ஆயிலோடு 118 மி.லி. சேர்மானம் தனியாக ஊற்றுவார்கள். சத்தம் போக வேண்டும் என்று இரண்டு மடங்கு ஊற்றினால் தகடு பிடிக்காது. டோர்சனுக்கும் விஸ்கஸுக்கும் சேர்மானம் தேவையில்லை.

எண்ணெய் ஊற்றுமுன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டே வடிகால் போல்ட்டைக் கழற்றுங்கள். புதுத் தகடு போட்ட டிஃப்பை முதல் நாளில் காலியான மைதானத்தில் எட்டு வடிவில் இருபது முப்பது நிமிடம் மெதுவாக ஓட்டி, சூடாக இருக்கும்போதே அந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றும்போது ஒரு சக்கரத்தைத் தூக்கி டார்க் ரெஞ்சை வையுங்கள். தகடு படிந்து எண் சற்று இறங்கியிருக்கும், அந்த எண்ணைத் தேதியோடு டிஃப் மூடியிலேயே பெயிண்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது ஒப்பிட அது இருக்கும். நீங்களே ஒரு நாள் இந்த டிஃப்பை விற்கப் போனாலும், வாங்க வருபவர் முதலில் கேட்க வேண்டிய எண் அதுதான்.